காட்டிலே தொலைந்ததா? ஏட்டிலே தொலைத்தார்களா?

ஒரு மதிப்பெண் வினா ஒன்று என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

"அரிக்கமேட்டைக் கண்டுபிடித்தவர் யார்?" - அரையாண்டுத் தேர்வில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்தான் இந்த வினாவைத் தொடுத்தேன். விடைக்குறிப்பில் நான் எழுதி வைத்த விடை: மார்ட்டிமர் வீலர். தாள்கள் வந்தன. பெரும்பாலானவற்றில் வீலர் வீற்றிருந்தார். சிலவற்றில் வில்லர் ஆனார். ஓரிரண்டில் வேலர் ஆகிவிட்டார் - முருகனுக்கு எங்கும் இடம் உண்டு அன்றோ! எழுத்துப்பிழையை மன்னித்து எல்லாருக்கும் மதிப்பெண் வழங்கினேன், வேலருக்கும் சேர்த்தே.

ஒரே ஒரு தாளில் மட்டும், "எங்கள் ஆயா ஊர்ப் பிள்ளைகள்" என்று எழுதியிருந்தது. சிவப்புக் கோடு இழுத்தேன். சுழியம் இட்டேன்.

மறுநாள் அந்தச் சிறுமி எழுந்து நின்றாள். "சார், எங்க ஆயா ஊரு காக்காயன்தோப்பு. மழை விட்டா மேட்டுல மணி பொறுக்கப் போவாங்களாம். ஆயாவோட அம்மாவும் சின்னப் புள்ளையில பொறுக்குவாங்களாம். அவங்களுக்கு முன்னாடியே அந்த வெள்ளைக்காரர் வந்துட்டாரா சார்?"

வரவில்லை. வீலர் அரிக்கமேட்டில் மண்வெட்டி வைத்தது 1945இல். அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1937இல், புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய், அந்தப் பகுதிச் சிறுவர்களிடமிருந்து மணிகளைக் காசு கொடுத்து வாங்கினார். அவருக்கு மேட்டைக் காட்டியவர்கள் அந்தப் பிள்ளைகள். அவர்களுக்குக் காட்டியது மழை. என் மாணவி எழுதிய விடை சரி. ஆசிரியனாகிய நான் இட்ட சுழியம் பிழை!

என் ஊர் அபிஷேகப்பாக்கம். பெயரின் முன்பாதியைக் கேட்டு முகம் சுளிக்கும் தோழர்களுக்கு ஒரு சொல்: பின்பாதியையும் கவனியுங்கள். பாக்கம் என்பது கடலோரக் குடியிருப்புக்குத் தமிழன் இட்ட பழம்பெயர். பூம்புகாரின் மருவூர்ப்பாக்கம் சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. முன்னொட்டை யார் யாரோ ஒட்டினர், அடிச்சொல் அசையவில்லை. அந்த ஊரிலிருந்து தவளக்குப்பம் வழியே அரியாங்குப்பம் சென்று, வீராம்பட்டினம் சாலையில் திரும்பினால், ஆற்றங்கரையில் தோப்புகளுக்கு நடுவே அந்த மேடு கிடக்கிறது. மிதிவண்டியில் போகிற தொலைவு. கல்லூரியில் மூன்றாண்டு பாடங்கள் படித்துப் பட்டம் பெற்ற நான், கிரேக்கத்தின் பார்த்தினானை வரைபடம் போட்டு விளக்கத் தெரிந்த நான், அந்த மேட்டுக்கு முதன்முதல் போனது ஆசிரியப் பணிக்கு வந்த பிறகுதான். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

கண்டுபிடித்தான், கண்டுபிடித்தான் என்கிறோமே, அது என்ன சொல்? கண்ணுக்கு எதிரே இருந்ததை யாருடைய கண் கண்டால் 'கண்டது' ஆகும்? மணி பொறுக்கிய சிறுமியின் கண் கணக்கில் சேராதா? செங்கல் பெயர்த்துப் போய் வீடு கட்டியவன் கண் கணக்கில் வராதா? சட்டைப்பையில் குறிப்பேடு வைத்திருப்பவன் கண்தான் கண்ணா?

வீலருக்கும் முன்னே, துப்ராய்க்கும் முன்னே, ழான்தீல் என்றொரு பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரிக்கு வந்தார். வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் காண வந்தவர். 1761இல் வந்த கடப்பை, புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் வீழ்ந்திருந்ததால், கடலில் கப்பலின் ஆட்டத்திலிருந்தபடி வீணாக்கினார். அடுத்த கடப்புக்காக எட்டாண்டு காத்திருந்தார். 1769 ஜூனில் அந்த நாள் வந்தது, மேகமும் வந்தது, வெள்ளி தெரியவில்லை! வானம் ஏமாற்றிய அந்த மனிதர் மண்ணையாவது பார்த்தார். வீராம்பட்டினத்துப் பக்கம் கிடந்த பழங்கட்டடங்களைப் பற்றியும், அங்கிருந்த புத்தர் சிலையைப் பற்றியும் எழுதி வைத்தார். அவருக்கு அவற்றைக் காட்டியவர்கள் யார்? வெள்ளிக்கோளா? அவ்வூர் மக்கள்! ஆனால் ஏட்டில் ழான்தீல் இருக்கிறார். ஊரார் இல்லை.

இது நம் ஊரின் கதை மட்டுமன்று. உலகெங்கும் வெள்ளை வல்லரசுகள் கால் வைத்த காடுகளிலெல்லாம் இதே கதைதான். 'தொலைந்த நாகரிகம்' என்று தலைப்பிட்டு, தொப்பி அணிந்த ஒருவர் புதர்களை விலக்கி வருவதுபோல் படம் போட்டு, இன்றைக்கும் நம் பிள்ளைகளுக்கு விற்கிறார்கள். அந்தத் தொப்பிக்காரர்களில் சிலரைச் சற்று அருகில் சென்று பார்ப்போம்.

கார்ல் மௌக் என்ற ஜெர்மானியர் 1871இல் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் மாபெரும் கற்கோட்டை ஒன்றைக் கண்டார். சுண்ணாம்புச் சாந்து இல்லாமல், கல்மேல் கல் அடுக்கி எழுப்பிய சுவர்கள். கட்டியவர் யார்? சுற்றிலும் வாழ்ந்த கறுப்பின மக்களின் முன்னோர் என்று எண்ண அவருக்கு மனம் வரவில்லை. கதவுநிலையிலிருந்து ஒரு மரச்செதிலைச் சீவினார். முகர்ந்தார். தம் கையிலிருந்த பென்சிலின் மரத்தோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒரே மணம், ஒரே நிறம்! பென்சில் தேவதாரு, ஆகவே இதுவும் தேவதாரு, தேவதாரு லெபனானிலிருந்து வந்திருக்கும், ஆகவே சேபா நாட்டு அரசி கட்டியது! விவிலியக் கதையில் வரும் ஓர் அரசிக்கு, பென்சில் துண்டொன்றைச் சான்றாக வைத்து, ஒரு நாட்டையே பட்டா எழுதிக் கொடுத்துவிட்டார். நம் புராணிகர்கள் தோற்றார்கள், போங்கள்!

1905இல் ராண்டல் மெக்கைவர் அங்கே தோண்டிப் பார்த்து, கட்டியவர் ஆப்பிரிக்கரே என்றார். குடியேறிய வெள்ளையர் கொதித்தனர். 1929இல் கெர்ட்ரூட் கேட்டன்-தாம்சன் என்ற அம்மையார் மீண்டும் தோண்டி, ஐயத்துக்கு இடமின்றி அதையே நிறுவினார். அப்போதும் விடவில்லை. ரொடீசியாவில் வெள்ளையர் ஆட்சி நடந்த 1960களிலும் 70களிலும், 'கறுப்பர் கட்டினர்' என்று சொல்லத் துணிந்த தொல்லியலாளர்கள் நெருக்கடிக்கு ஆளாயினர். ஏன் இத்தனை அச்சம்? கல்லடுக்கிக் கோட்டை கட்டத் தெரிந்தவனுக்கு நாடாளத் தெரியாது என்று எப்படிச் சொல்வது! கட்டியவன் பெயரை மறைத்தால்தான் ஆளவந்தவனுக்கு உரிமை வரும். 1980இல் அம்மக்கள் விடுதலை பெற்றபோது, அந்தக் கற்கோட்டையின் பெயரையே தம் நாட்டுக்குச் சூட்டிக்கொண்டார்கள்: ஜிம்பாப்வே.

இன்னொருவர் பெர்சி ஃபாசெட். நம் திருக்கோணமலையில் பீரங்கிப் படை அலுவலராக இருந்தவர். அங்கிருந்தபோதே கண்டி அரசரின் புதையல் எங்கே என்று தேடித் திரிந்தவர். பிறகு தென்னமெரிக்கா போனார். பிரேசில் காட்டுக்குள் மாநகர் ஒன்று மறைந்திருக்கிறது என்று நம்பி, அதற்கு 'ஸெட்' என்று பெயரும் வைத்தார். நம்பிக்கைக்கு ஆதாரம்? ஒரு பழஞ்சுவடி, அதோடு ஒரு கற்சிலை. அந்தச் சிலையை, பொருளைத் தொட்டுப் பார்த்து அதன் வரலாறு சொல்வதாகக் கூறிய ஒருவரிடம் கொடுத்தார். அவர் இருட்டில் அதைக் கையில் பிடித்தபடி, கடலில் மூழ்கிய கண்டம் ஒன்று தெரிகிறது என்றார். நம் ஊரில் இதற்குப் பெயர் மைபோட்டுப் பார்த்தல்! இலண்டன் புவியியல் கழகத்தின் பதக்கம் பெற்ற மனிதர் இதை நம்பி, 1925இல் தம் மகனையும் மகனின் நண்பனையும் அழைத்துக்கொண்டு சிங்கு ஆற்றின் மேற்பகுதிக் காட்டுக்குள் புகுந்தார். மூவரும் திரும்பவில்லை.

கொடுமை என்ன தெரியுமா? அவர் தேடிய நகர் அவருடைய காலடியிலேயே இருந்தது என்று சொல்லுமளவுக்குச் சான்றுகள் பின்னர் வெளிவந்தன. அதே சிங்கு ஆற்றின் மேற்பகுதியில் மைக்கேல் ஹெக்கன்பெர்கர் என்ற ஆய்வாளர், குய்குரோ என்னும் பழங்குடி மக்களோடு பல ஆண்டுகள் தங்கி, அகழிகள் சூழ்ந்த பேரூர்களையும், அவற்றை இணைத்த அகன்ற நேர்ச்சாலைகளையும், நடுத்திடல்களையும் அளந்து வரைந்தார். எல்லாம் மண்ணால் ஆனவை. பளிங்கு மாடமும் பொற்கோபுரமும் தேடிய ஃபாசெட்டின் கண்ணுக்கு மண்மேடு மேடாகத்தான் தெரிந்திருக்கும். அதைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்களிடமே வழி கேட்டுக்கொண்டு நடந்தார். அவர்களிடம் வரலாறு கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. 2003இல் அந்த ஆய்வு உலகப்புகழ் பெற்ற 'சயன்ஸ்' இதழில் வெளிவந்தபோது, ஆசிரியர் வரிசையில் ஹெக்கன்பெர்கர் பெயரோடு குய்குரோ தலைவர் அஃபுகாகாவின் பெயரும் அச்சேறியது. தோழர்களே, அந்த ஒரு வரியை நான் பலமுறை படித்தேன். ஊரான் பெயர் ஏட்டில் ஏறியது!

இனி நம் மேட்டுக்குத் திரும்புவோம். வீலரைப் பழிப்பது என் நோக்கமன்று. அவர் செய்தது பெரும்பணி. 1944இல் சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு மதுச்சாடியின் உடைந்த கழுத்தைப் பார்த்து, இது மத்தியதரைக் கடல்நாட்டுப் பொருளாயிற்றே, எங்கே கிடைத்தது என்று கேட்டு, புதுச்சேரிக்கு வந்தார். மறு ஆண்டு மூன்று மாதம் தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரப் பாண்டங்கள் கிடைத்தன. அவை எந்தக் காலத்தவை என்பது முன்பே தெரியும். அவற்றோடு ஒரே மண்ணடுக்கில் கிடந்த நம் ஓடுகளுக்கும் அதனால் காலம் கிடைத்தது. தென்னாட்டுத் தொல்லியலுக்கு ஆண்டுக்கணக்கு கொடுத்த அகழாய்வு அது. பகுத்தறிவாளர் யாரும் அந்த முறையை வணங்கத் தேவையில்லை, மதித்துக் கற்கவேண்டும்.

ஆனால் ஆய்வறிக்கைக்கு அவர் வைத்த தலைப்பு என்ன? 'இந்திய-ரோம வணிக நிலையம்'. அவர் பின்னர் தீட்டிய சித்திரம் என்ன? தென்னையேறியும் மீன்பிடித்தும் பிழைத்த எளிய மக்கள் ஒரு கரையில் இருந்தார்களாம், திடுமெனத் தொலைநாட்டு மதுவும் பாண்டமும் வந்து இறங்கியதாம், ஊர் உயர்ந்ததாம்! அவருக்கு முன் துப்ராய் இன்னும் ஒருபடி மேலே போய், ரோமர் நகரமே இது என்று நம்பினார். பென்சில் மரத்தை முகர்ந்த மௌக்கின் மூக்கு இங்கேயும் சற்று நீண்டிருக்கிறது, இல்லையா?

அதே குழிகளில் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடந்தனவே! ஊரில் மீன்பிடிப்பவர் மட்டும் இருந்தால் பானையில் பெயரெழுதியவர் யார்? உள்ளடியில் வட்டவட்டமாகப் புள்ளிக்கோலம் இட்ட வழவழப்பான தட்டுகளை மேலைநாட்டுச் சரக்கு என்று முதலில் குறித்தார்கள். பிற்கால ஆய்வில் அவை இந்நாட்டிலேயே வனைந்தவை என்று தெரியவந்தது. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில், சென்னைப் பல்கலைக்கழகமும் பங்குகொண்டு மீண்டும் தோண்டினார்கள். ரோமச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, ரோம வணிகம் தேய்ந்த பின்னும் இருந்தது என்று கண்டார்கள். 1996இல் வந்த அவர்களின் நூலின் தலைப்பு: 'அரிக்கமேடு என்னும் பழந்துறைமுகம்'. ரோமைக் காணோம்! ஒரு தலைப்பில் இருந்த ஒரு சொல்லை நீக்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்ற கடல்வழிக் குறிப்பில் பொதுகே என்றொரு துறை வருகிறது. அது இந்தப் பக்கத்துத் துறையே என்று அறிஞர் பலர் கொள்வர். அந்த மாலுமி அதைத் தம்மவர் ஊர் என்று சொல்லவில்லை. இந்நாட்டவரின் கப்பல்கள் அங்கே கூடும் என்றும், கரையோரம் செல்லும் கலங்கள் வேறு, கங்கைக்கும் கீழ்த்திசைப் பொன்னாட்டுக்கும் செல்லும் பெருங்கலங்கள் வேறு என்றும் எழுதுகிறார். வந்து பார்த்தவர் நேர்மையாக எழுதினார். தோண்டிப் பார்த்தவர்களுக்குத்தான் ரோமக் கனவு!

ஒரு கணக்குப் போடுவோம். எகிப்தின் செங்கடல் கரையில் பெரனிகே என்னும் துறைமுகத்தில் தமிழி எழுத்துப் பொறித்த ஓடு கிடைத்திருக்கிறது. குசேர் அல்-காதிம் என்னும் துறையிலும் கிடைத்திருக்கிறது. கண்ணன், சாத்தன் என்று பெயர்களே இருக்கின்றன. பெரனிகேயின் கோயில் முற்றத்தில், இந்தியப் பெருஞ்சாடி ஒன்றில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. மிளகு அங்கே விளையாது. ஆகவே பெரனிகேயைத் தமிழர் நகரம் என்று அழைக்கலாமா? அழைத்தால் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். வணிகன் வந்தான், தங்கினான், பெயரெழுதினான், அவ்வளவே. அந்த நீதி அங்கே செல்லுமானால் இங்கே ஏன் செல்லாது? நம் கண்ணன் எகிப்தில் வணிகன். அவர்கள் வணிகன் இங்கே நகர் நிறுவியவனா? எந்தத் தராசு இது?

அரிக்கமேட்டின் கண்ணாடி மணிகளைப் பாருங்கள். உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, சூட்டில் முனை மழுக்கிச் செய்தவை. தென்கிழக்கு ஆசியா முழுதும் அவ்வகை மணிகள் பரவின. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீட்டர் பிரான்சிஸ் என்ற மணி ஆய்வாளர் ஆந்திரத்தின் பாப்பாநாயுடுப்பேட்டைக்குப் போனபோது, அங்கே உலைமுன் வியர்த்து நின்ற தொழிலாளர் அதே முறையில் கண்ணாடி இழுத்துக்கொண்டிருந்ததைக் கண்டு எழுதினார். இரண்டாயிரம் ஆண்டுத் தொழில்! 'தொலைந்த' நாகரிகமாம்! தொழிலாளியின் கையில் இருந்ததைத் தொலைந்தது என்று எழுதியவன் அந்தக் கையைப் பார்க்காதவன்.

இதுவரை படித்து, 'நன்றாகச் சொன்னாய், வெள்ளையன் வஞ்சித்தான்' என்று கைதட்டும் தோழர்களே, சற்றுப் பொறுங்கள். தட்டிய கையை நம் முதுகுப் பக்கமும் திருப்பவேண்டியிருக்கிறது.

நம் சுத்துக்கேணியிலும் முத்திரையர்பாளையத்திலும் பெருங்கற்கால ஈமக்குழிகள் கிடைத்தன. தமிழ்நாடெங்கும் அப்படிப்பட்ட கற்பதுக்கைகள் உண்டு. ஊரில் அவற்றுக்குப் பெயர்? பாண்டவர் குழி, பாண்டவர் வீடு! வனவாசம் வந்த பாண்டவர் இத்தனை ஆயிரம் வீடுகளைக் கட்டிக்கொண்டு எப்போது வனவாசம் முடித்தார்களோ! தன் பாட்டன் பிணத்தைப் பக்குவமாகப் புதைத்த கல்லறையை, வடபுலக் கதையின் வீரனுக்கு எழுதிக் கொடுத்தவன் வெள்ளையனல்லன். சேபா அரசிக்கும் பாண்டவருக்கும் வேறுபாடு பெயரில் மட்டுந்தான்.

இன்னும் ஒன்று, நம் மேடைகளுக்குச் சற்றுக் கசக்கும். லெமூரியா! மன்றங்களில் இன்றும் இளைஞர் சிலர், கடலடியில் ஒரு கண்டமே தமிழனுக்கு இருந்தது என்று முழங்குகிறார்கள். அந்தப் பெயரை இட்டவர் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர். ஆண்டு 1864. லெமூர் என்னும் குரங்கினத்தின் உறவு விலங்குகள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருப்பது எப்படி என்று விளக்க, நடுவே ஒரு நிலம் இருந்திருக்கும் என்று ஊகித்தார். ஊகத்தில் குரங்குதான் இருந்தது, தமிழன் இல்லை. பிறகு பிரம்மஞான அம்மையார் பிளவட்ஸ்கி 1888இல் தம் மறைஞான நூலில் அங்கே விந்தை மனிதர்களைக் குடியேற்றினார். கண்டங்களே நகர்கின்றன என்பதை 1960களில் அறிவியல் நிறுவியபோது, அந்த ஊகத்துக்கு வேலையே இல்லாது போயிற்று. பழைய உரையாசிரியர்கள் கடல்கோள் பற்றிச் சொன்னது உண்மை. கரைநிலத்தைக் கடல் விழுங்குவது வீராம்பட்டினத்து மீனவனுக்கும் தெரியும். கரை வேறு, கண்டம் வேறு. இருட்டில் சிலையைப் பிடித்து மூழ்கிய கண்டம் பார்த்த ஃபாசெட்டைச் சற்று முன் எள்ளி நகைத்தோமே. அதே இருட்டில் நாமும் உட்காரலாமா?

காணாத கண்டத்துக்குக் கவிபாடும் நேரத்தில், கண்ணெதிரே இருக்கும் மேடு கரைகிறது. ஆற்றங்கரை சரியச் சரியச் செங்கல்லும் ஓடும் நீரில் விழுகின்றன. மணி பொறுக்கி விற்பது இன்று குற்றம். சட்டம் காக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் பெருமை பேச மணிக்கணக்கில் நேரம் உள்ள நம்மில் எத்தனை பேர் அங்கே போய், இது வீடு, இது கிணறு, இது சாயத்தொட்டி எனலாம் என்று நம் பிள்ளைக்குக் காட்டினோம்? கீழடியைப் பாருங்கள். 2015இல் தோண்டத் தொடங்கிய அமர்நாத் ராமகிருஷ்ணா, 2023 தொடக்கத்தில் அறிக்கை கொடுத்தார். 2025இல் ஒன்றிய அரசின் தொல்லியல் துறை, காலக்கணிப்பைத் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பியது. அவர் தம் முடிவில் நின்றார். அவரால் எதன்மேல் நிற்க முடிந்தது? எந்த ஆழத்தில், எந்த அடுக்கில், எந்தப் பொருள் என்று எழுதி வைத்த குறிப்பின் மேல். மூழ்கிய கண்டத்தின் மேல் நின்றிருந்தால் முதல் கேள்வியிலேயே அவரும் மூழ்கியிருப்பார்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று என் வகுப்புப் பிள்ளைகளை அரிக்கமேட்டுக்கு அழைத்துச் சென்றேன். எதையும் எடுக்கக்கூடாது என்று முதலில் சொல்லிவிட்டேன். கண்டதை வரைந்தார்கள். திரும்பும் வழியில் காக்காயன்தோப்பில், என்னைத் திருத்திய மாணவியின் ஆயா திண்ணையில் அமர்ந்திருந்தார். எந்தப் பக்கம் சிவப்பு மணி கிடைக்கும், எந்தப் பக்கம் நீலமணி கிடைக்கும், எந்தக் கரை எப்போது சரிந்தது என்று ஒரு மணிநேரம் சொன்னார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். எந்த அறிக்கையிலும் நான் படிக்காத செய்திகள் அவற்றில் இருந்தன. சரிபார்க்க வேண்டியவையும் இருந்தன.

அந்த விடைத்தாளை எடுத்துச் சுழியத்தை அடித்து, ஒன்று என்று திருத்திக் கையெழுத்திட்டேன். விடைக்குறிப்பில் இல்லாத விடைக்கு மதிப்பெண் எப்படி வழங்கப்பட்டது என்று பள்ளியில் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இந்த இதழின் படி ஒன்றை இணைத்து அனுப்பப் போகிறேன்.